கொல்லைப்புறத்தில் பெயர் தேடுவது

எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு புழு இருக்கும். ரசத்துக்கு ஒரு இணுக்கு ஒடிப்பதற்கு முன் அம்மா இலையைத் திருப்பிப் பார்ப்பார். காக்கை எச்சம் என்று நினைத்துத் தட்டிவிடப் போனால் அது மெல்ல நகரும். சின்னப் புழுவாக இருக்கும்வரை பழுப்பும் வெள்ளையுமாக எச்சம் போலத் தோன்றித் தப்பிக்கிறது. வளர்ந்ததும் பச்சைக்கு மாறி இலையோடு இலையாகிவிடுகிறது. அப்போது தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பு ஒன்றை வெளியே நீட்டும், கூடவே ஒரு நெடி வரும்.

இந்தச் செடிக்கு முட்டையிட வருபவை இரண்டு வகை வண்ணத்துப்பூச்சிகள். ஒன்று எலுமிச்சை அழகி, இன்னொன்று கறிவேப்பிலை அழகி. முதலாவதில் குழப்பமே இல்லை. கருப்புச் சிறகில் மஞ்சள் திட்டுகள், பின்சிறகில் வால் கிடையாது. கறிவேப்பிலை அழகிதான் ஆளைச் சுற்றலில் விடும். அதன் ஆண் கருப்பாக, பின்சிறகில் ஒரு வரிசை வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும். பெண்ணுக்கோ மூன்று வேஷங்கள். சில பெண்கள் ஆணைப் போலவே இருக்கும். சில பெண்கள் காமன் ரோஸ் என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சியின் தோற்றத்தில் இருக்கும். இன்னும் சில கிரிம்சன் ரோஸின் தோற்றத்தில் இருக்கும். அந்த இரண்டு ரோஸ்களும் புழுப்பருவத்தில் ஆடுதின்னாப்பாளைக் கொடியைத் தின்று வளர்கின்றன. அந்தக் கொடியின் நஞ்சு உடம்பில் தங்கிவிடுவதால் பறவைகள் அவற்றை விட்டு ஒதுங்கும். கறிவேப்பிலை தின்று வளர்ந்த இந்தப் பூச்சிக்கு நஞ்சு எதுவும் கிடையாது, வேஷம் மட்டும்தான்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? உடம்பைப் பார்க்க வேண்டும். ரோஸ்களுக்கு உடம்பு சிவப்பு. வேஷம் போட்ட கறிவேப்பிலை அழகிக்கு உடம்பு கருப்பு. சிறகு முழுக்கத் துல்லியமாக, பின்னணி மங்கி, போட்டிக்கு அனுப்பும் தரத்தில் ஒரு படம் எடுத்திருந்தாலும், உடம்பு நிழலில் விழுந்திருந்தால் அந்தப் படத்தை வைத்து உறுதியாகப் பெயர் சொல்ல முடியாது. உடம்பின் நிறம் தெரிகிற ஒரு சுமாரான மொபைல் படம் போதும், சொல்லிவிடலாம்.

இதைத்தான் இந்தக் கட்டுரையில் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். அழகான படம் வேறு, அடையாளம் காண உதவும் படம் வேறு. வீட்டைச் சுற்றி இருக்கிற பூச்சிகளையும் சிலந்திகளையும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவருக்கு இரண்டாவதுதான் முக்கியம். அந்தப் படத்தை எடுக்க எதைப் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொள்வதில்தான் இதன் மொத்த சுகமும் இருக்கிறது.

எருக்கஞ்செடியிலும் இதே கதை. கடலூரில் காலி மனை இருந்தால் எருக்கு இருக்கும், எருக்கு இருந்தால் வெந்தய வரியன் இருக்கும். ஆரஞ்சு நிறம், சிறகு நுனியில் கருப்பும் வெள்ளையும். எருக்கம்பாலின் நஞ்சு அதற்குக் காவல். அதே ஆரஞ்சில், அதே நுனியோடு இன்னொன்று பறக்கும். அது டெனாய்டு எக்ஃபிளை என்ற வேறு இனத்தின் பெண். பின்சிறகின் நடுவில் மூன்று நான்கு கருப்புப் புள்ளிகள் இருந்தால் வெந்தய வரியன், இல்லாவிட்டால் மற்றது. அதன் புழு தரையில் படரும் பருப்புக்கீரையைத் தின்னும். எந்தச் செடியில் முட்டை வைக்கிறது என்று பார்த்துவிட்டால் புள்ளியை எண்ண வேண்டிய அவசியமே இல்லை. அதனால் பூச்சியைப் படம் எடுத்த கையோடு அது உட்கார்ந்திருந்த செடியையும் ஒரு படம் எடுத்துவிடுவது என் வழக்கம். இலை, பூ, தண்டு எல்லாம் தெரிகிற மாதிரி. பல நேரம் பூச்சியின் பெயருக்குச் செடிதான் வழி காட்டுகிறது.

கருவியைப் பற்றிக் கேட்கிறவர்கள் அதிகம் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். சின்ன உயிர்களை மிக அருகில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் விலை அதிகம். மொபைலில் மாட்டும் கிளிப் லென்ஸிலேயே தொடங்கலாம். டிஎஸ்எல்ஆர் இருந்தால், கேமராவோடு வந்த 18-55 லென்ஸைக் கழற்றித் திருப்பி மாட்டலாம். அதற்கென்று ரிவர்ஸ் ரிங் என்று ஒரு வளையம் மலிவாகக் கிடைக்கிறது. திருப்பி மாட்டிய லென்ஸில் 18 பக்கம் வைத்தால்தான் உருவம் பெரிதாகும், 55 பக்கம் வைத்தால் சிறிதாகும். வழக்கத்துக்கு நேர்மாறு. ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. நம் தலையையும் கேமராவையும் சேர்த்து முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தி, கண் துல்லியமாகும் நொடியில் அழுத்த வேண்டும். பூச்சி தன் உண்மையான அளவிலேயே சென்சாரில் விழும்படி எடுக்கும்போது, துல்லியமாக வருகிற ஆழம் ஒரு மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம். அதனால் பூச்சியின் எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கத்துக்கு இணையாகக் கேமராவைப் பிடிக்க வேண்டும்.

வெளிச்சம்தான் பாதி வேலை. நேரடி ஃபிளாஷ் வண்டுகளின் முதுகில் வெள்ளையாகத் தெறித்து, நிறம், குழி, முடி எல்லாவற்றையும் அழித்துவிடும். பொறிவண்டுகளில் இது பெரிய இழப்பு. கத்தரிச் செடியின் இலையைச் சுரண்டித் தின்கிற இருபத்தெட்டுப் புள்ளி வண்டுக்கு முதுகில் நுண்ணிய முடி இருப்பதால் பளபளப்பு இருக்காது. அசுவினியைத் தின்று நமக்கு உதவும் பொறிவண்டுகளுக்கு முதுகு வழவழப்பாக மின்னும். ஃபிளாஷுக்கு முன்னால் டிரேசிங் பேப்பரை இரண்டு மடிப்பாக வளைத்து ஒட்டினாலே இந்த வித்தியாசம் படத்தில் வந்துவிடும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் நல்ல வண்டையும் சேர்த்து மருந்தடித்துக் கொல்கிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும்.

பூச்சி அசையாமல் இருக்க வேண்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. மார்கழி காலையில் ஆறு மணிக்குத் தோட்டத்துக்குப் போனால், பனியில் நனைந்து தட்டான்களும் தேனீக்களும் செடி நுனியில் தாமாகவே அசையாமல் இருக்கும். அவற்றின் உடம்பு வெயில் ஏறினால்தான் சூடாகும். அதுவரை நமக்கு வேண்டிய நேரம் கிடைக்கும். செடியிலிருந்து பிரித்து எடுத்த பூச்சியின் படத்தில், அது எங்கே, என்ன செய்துகொண்டிருந்தது என்ற தகவலும் போய்விடுகிறது.

வீட்டுக்குள் வருகிறேன். சிலந்திகளுக்கு வீடே போதும், தோட்டம்கூட வேண்டாம். பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு என்பது பள்ளிப் பாடம். அடையாளம் காண்பதற்குக் காலைவிடக் கண் உதவும். பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண்கள். அவை முகத்தில் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதை வைத்தே குடும்பத்தைச் சொல்லிவிடலாம். முன்னால் இரண்டு பெரிய கண்கள் நம்மையே பார்த்தால் அது குதிக்கும் சிலந்தி. எங்கள் காம்பவுண்டு சுவரில் வெயில் காய்கிற சாம்பல் நிறச் சிலந்தி மெனிமெரஸ். வீட்டுக்குள் ஜன்னலோரம் ஈ பிடிக்கிற பிளெக்சிப்பஸில் ஆண் கருப்பு வெள்ளைக் கோடுகளோடும் பெண் பழுப்பாகவும் இருக்கும். குதிக்கும் சிலந்தியை முகத்துக்கு நேராகத் தொடர்ச்சியாகச் சில படங்கள் எடுத்துப் பாருங்கள். ஒரு படத்தில் பெரிய கண் கரும் கருப்பாக இருக்கும், அடுத்ததில் வெளுத்திருக்கும். அதன் கண் வில்லை அசையாது. உள்ளே இருக்கும் விழித்திரைதான் குழாய் மாதிரி நகர்ந்து நகர்ந்து பார்க்கிறது. கருப்பாகத் தெரியும் நொடியில் அது நேராக நம்மைப் பார்க்கிறது என்று அர்த்தம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தச் சுவரைச் சும்மா கடந்துபோக என்னால் முடிவதில்லை.

வேப்பமரத்தின் அடிமரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஹெர்சிலியா பட்டையின் நிறத்திலேயே இருக்கும். பின்பக்கம் வால் மாதிரி நீண்ட இரண்டு நூற்புறுப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், வேறு எதோடும் குழம்பாது. இரை கிடைத்தால் அதைச் சுற்றிச் சுற்றி ஓடி, நூலால் மரத்தோடு சேர்த்துக் கட்டிவிடும்.

மாடிப்படிக்குக் கீழே, நீளக் கால்களோடு தலைகீழாகத் தொங்குகிற சிலந்தி கிராசோப்ரைசா. ஊதினால் உடம்பை வேகமாக ஆட்டும். பெண் தன் முட்டைகளை வாயில் கவ்வியபடியே நாள்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். பொங்கல் நெருங்கும்போது இதற்காக எங்கள் வீட்டில் ஒரு பேச்சுவார்த்தை நடக்கும்.

“படிக்குக் கீழ இருக்கறத மட்டும் விட்டுடும்மா, முட்டையோட இருக்கு.”

“வெள்ளை அடிக்க ஆள் வராங்க. நூலாம்படையோட பொங்கல் வைப்பாங்களா யாராவது?”

“கொசுவப் புடிக்குதும்மா அது.”

“அப்படின்னா அதோட முட்டை பொரியற வரைக்கும்தான்.”

அம்மா சொன்ன சொல் மாறமாட்டார். அந்த மூலை மட்டும் கடைசியாகத்தான் வெள்ளை அடிக்கப்படும்.

பெரிய எட்டுக்கால் பூச்சியிடம்தான் எல்லோருக்கும் பயம். உள்ளங்கை அகலத்துக்குக் கால் விரித்து, குளியலறைச் சுவரில் தட்டையாக உட்கார்ந்திருக்குமே, அது ஹெட்டரோபோடா. வலை பின்னாது, இரவில் கரப்பான்பூச்சியைத் துரத்திப் பிடித்துத் தின்னும். பெண் சில நேரம் தட்டையான, வட்டமான முட்டைப் பையை வயிற்றுக்கடியில் சுமந்துகொண்டு திரியும். இது மேலே ஊர்ந்தால் அக்கி வரும் என்று எங்கள் பக்கத்தில் உறுதியாக நம்புகிறார்கள். அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய் செங்காவியால் எழுதிக்கொண்டு வருவதும் உண்டு. ஆனால் அக்கிக்குக் காரணம் சின்னம்மை வைரஸ். சின்னம்மை வந்து போன பிறகு நரம்பில் தங்கியிருந்து, பல வருஷம் கழித்து எழுகிறது. சிலந்திக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அக்கி என்று தோன்றினால் சீக்கிரம் மருத்துவரிடம் போவது நல்லது, ஆரம்பத்திலேயே கொடுக்கும் மருந்துக்குத்தான் பலன் அதிகம்.

தோலில் திடீரென்று கோடு இழுத்த மாதிரி எரிச்சலும் கொப்புளமும் வருவதற்கு இன்னொரு காரணம் உண்டு. அது சிலந்தியே இல்லை, ஒரு வண்டு. பெடரஸ் என்று பெயர், ஊரில் ஆசிட் பூச்சி என்பார்கள். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த நீளம், ஆரஞ்சும் கருப்பும் மாறி மாறி, பார்த்தால் எறும்பென்று தோன்றும். வயல் ஈரத்தில் வாழ்வது, மழைக்காலத்தில் டியூப்லைட் வெளிச்சத்துக்கு வீட்டுக்குள் வந்துவிடும். அது கடிப்பதில்லை, கொட்டுவதில்லை. கழுத்தில் ஊர்வதை நாம் அடித்து நசுக்கும்போது அதன் உடம்பில் இருக்கும் பெடரின் என்ற நஞ்சு தோலில் தேய்கிறது, மறுநாள் கொப்புளம். அந்த நஞ்சையும் அது தானாகத் தயாரிப்பதில்லை, அதன் உள்ளே வாழும் ஒரு பாக்டீரியா தயாரிக்கிறது. ஊதித் தள்ளிவிட்டு, ஊர்ந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். அக்டோபர், நவம்பரில் கடலூரில் வீட்டுக்கு வீடு இதன் படம் ஒன்று இருக்க வேண்டும் என்பேன். இதைச் சரியாக அடையாளம் கண்டுவிட்டால் அப்பாவிச் சிலந்திகளும் தப்பிக்கும், நம் தோலும் தப்பிக்கும்.

குளவிக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் மண் கூடு கட்டுகிறது ஒன்று. கருப்பும் மஞ்சளும், நூல் இடுப்பு. அறிவியல் பெயர் ஸ்கெலிஃப்ரான் மெட்ராஸ்படானம். 1781-ல் ஃபேப்ரிசியஸ் என்ற டென்மார்க் அறிஞர் வைத்த பெயர், மதராசப்பட்டினம் அதில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காலத்தில் இதே கடற்கரையில் தெற்கே தரங்கம்பாடியில் கோனிக் என்ற மருத்துவர் செடிகளையும் பூச்சிகளையும் சேகரித்துக்கொண்டிருந்தார். ஃபேப்ரிசியஸ், கோனிக் இருவருமே, உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர்கள். கோனிக் சேகரித்த பூச்சிகள் பலவற்றுக்கு ஃபேப்ரிசியஸ் பெயர் வைத்திருக்கிறார். நம் கொல்லையில் திரிகிற எத்தனையோ பூச்சிகளின் பெயருக்குப் பக்கத்தில் ஃபேப்ரிசியஸ் என்று பார்க்கும்போது, இந்தக் கடலோரத்துக்கும் அந்தப் பெயர்களுக்கும் இருக்கும் உறவு எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷத்தைத் தருகிறது.

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் பார்த்தது பொய்யில்லை. குளவி எதையோ தூக்கிக்கொண்டு கூட்டுக்குள் போகிறது, மூடுகிறது, பிறகு அதிலிருந்து குளவி வருகிறது. நடுவில் நடப்பது வேறு. இந்தக் குளவி சிலந்திகளைக் கொட்டி, சாகாமல் செயலிழக்க வைத்து, அறைக்குள் அடுக்கி, ஒரு முட்டை வைத்து மூடுகிறது. பொரித்து வரும் குளவிப் புழு அந்தச் சிலந்திகளைத் தின்று வளர்கிறது. போன மழையில் சுவரிலிருந்து ஈரம் ஊறி ஒரு கூடு தானாகவே பெயர்ந்து விழுந்தது. உடைந்த அறையில் இருந்ததை வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்த்தேன். வட்டவலை பின்னும் சின்னச் சிலந்திகள், நண்டுச் சிலந்திகள், முருங்கையில் நான் அடிக்கடி பார்க்கும் முள் கால் லின்க்ஸ் சிலந்திகள். பகலெல்லாம் நந்தியாவட்டைப் பூக்களில் நான் தேடியும் கண்ணில் படாத நண்டுச் சிலந்திகளைக் குளவி தேடிப் பிடித்திருந்தது. அன்றிலிருந்து அந்த நந்தியாவட்டைப் பூக்களை இன்னும் பொறுமையாகப் பார்க்கிறேன்.

இப்போது ஒரு கடினமான விஷயம். படத்தை வைத்து எல்லாவற்றுக்கும் முழுப்பெயர் சொல்லிவிட முடியாது. உலகில் அறியப்பட்ட சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 2022-ல் 50,000-ஐத் தாண்டியது. இவற்றில் பலவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க, இனப்பெருக்க உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஆணுக்கு முகத்துக்கு முன்னால் குத்துச்சண்டைக் கையுறை மாட்டியது மாதிரி உருண்டிருக்கும் உறுப்பு, பெண்ணுக்கு வயிற்றின் அடிப்பக்கத்தில் இருக்கும் தகடு. மேலிருந்து எடுத்த படத்தில் இரண்டும் தெரியாது. அதனால் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் ஒன்று, முடிந்தால் கண்ணாடி ஜன்னலில் ஊரும்போது அந்தப் பக்கமிருந்து வயிறு ஒன்று என்று எடுத்து வைப்பது நல்லது. அப்படியும் பேரினத்தோடு நின்றுவிடும் நாள்கள் உண்டு. லின்க்ஸ் சிலந்தியை ஆக்சியோபஸ் என்று மட்டும் எழுதிவைத்துவிட்டு நிற்பதில் எனக்குக் குறை எதுவும் தெரிவதில்லை. உறுதியில்லாத முழுப்பெயரைவிட உறுதியான அரைப்பெயர் அடுத்தவருக்கு உதவும்.

ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் படம் ஏற்றினால் உடனே சில பெயர்களைப் பரிந்துரைக்கும். பரிந்துரைக்கும் இனம் இந்தியாவில், அதுவும் நம் பக்கத்தில் பதிவாகியிருக்கிறதா என்று வரைபடத்தைப் பார்த்த பிறகே தேர்ந்தெடுங்கள். வண்ணத்துப்பூச்சி, தட்டான் இரண்டுக்கும் இந்தியாவுக்கென்றே படங்களோடு தனித் தளங்கள் இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்க வசதி. வீட்டில் எடுத்த படமென்றால் இருப்பிடத்தை மங்கலாக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். அப்புறம் தேதி. தேதி இல்லாத படத்துக்குப் பாதி மதிப்புதான்.

தேதியின் அருமை தட்டான்களில் தெரியும். தட்டான் தாழப் பறந்தால் மழை என்பது நமக்குப் பழகிய பேச்சு. மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் மஞ்சக்குப்பம் மைதானத்திலும் தேவனாம்பட்டினம் கடற்கரையிலும் உட்காராமல் கூட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் மஞ்சள் தட்டானின் பெயர் பாண்டாலா ஃபிளேவசென்ஸ். மாலத்தீவில் வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர், ஒவ்வொரு அக்டோபரிலும் அந்தத் தீவுகளில் இவை திடீரென்று குவிவதைக் குறித்துவைத்தார். அங்கே இவை முட்டையிட்டுப் பெருகுவதற்கு ஏற்ற நன்னீர் கிட்டத்தட்ட இல்லை. இந்தியாவிலிருந்து கடல் தாண்டி, மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று 2009-ல் அவர் எழுதினார். போய்த் திரும்பும் மொத்தப் பயணம் 14,000 முதல் 18,000 கிலோமீட்டர், அதை நான்கு தலைமுறைகள் சேர்ந்து முடிக்கின்றன என்பது அவருடைய கணக்கு. அவர் தொடங்கியது எந்தக் கருவியோடும் இல்லை, வந்த தேதிகளை வருஷா வருஷம் குறித்துவைத்ததில். கெடிலக் கரையில் சாக்கடை கலக்கும் இடத்திலும் செழித்திருக்கும் ஆரஞ்சுத் தட்டான் வேறு, பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டா. அசுத்த நீரைத் தாங்கும் இனம். அது மட்டுமே பறக்கிற இடத்தில் தண்ணீரின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

பண்ருட்டிப் பக்கம் சித்தப்பாவின் முந்திரித் தோப்பில் முசுறு எறும்புகள் இலைகளைத் தைத்துக் கூடு கட்டியிருக்கும். முந்திரியின் தளிரையும் பூவையும் கருகவைக்கும் தேயிலைக் கொசு நாவாய்ப்பூச்சியை இந்த எறும்புகள் விரட்டுகின்றன. “கடிக்குதுன்னு கொளுத்திடாதீங்க சித்தப்பா” என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். “நீ சொன்னப்புறம் அந்த மரத்து பக்கம் போறதில்லடா” என்பார். அந்த எறும்பு வரிசையில் ஒன்று மட்டும் அடிக்கடி தயங்கி நிற்கும். நிறம், இடுப்பு, நடை எல்லாம் எறும்புதான். கால்களை எண்ணினால் எட்டு. முன்கால் இரண்டையும் உணர்கொம்பாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடிக்கிற குதிக்கும் சிலந்தி அது. ஆணுக்குத் தாடை இவ்வளவு நீளம், ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிப்போவதாகத் தோன்றும். குச்சியால் லேசாகத் தொட்டால் நூலில் தொங்கி இறங்கும். எறும்பு அப்படி நூலில் இறங்காது.

எனக்கு இன்னும் சரியான ஒரு படம் கிடைக்காத உயிர் பொன்வண்டு. தீப்பெட்டிக்குள் கொடுக்காப்புளி இலை போட்டு வளர்த்த தலைமுறைக்கு அதைத் தெரியும். மழை விழுந்த பிறகு கருவேல மரங்களில் வரும், அதன் புழு மண்ணுக்கடியில் வேரைத் தின்று வளரும். மனை போட்டு மண்ணைக் கிளறிச் சமன்படுத்துகிற இடங்களில் அது என்ன ஆகும் என்று கவலையாக இருக்கிறது. கடலூர், நெய்வேலி, விருத்தாசலம், புதுச்சேரிப் பக்கம் இந்த வருஷம் எங்காவது பொன்வண்டைப் பார்த்தால், பிடிக்காமல், முதுகு தெரிய ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, மரத்தின் இலை தெரிய ஒன்று என்று படம் எடுத்துத் தேதியோடு ஐநேச்சுரலிஸ்ட்டில் ஏற்றுங்கள். மொபைல் படம் போதும்.